ஏழு பத்து ரயில் ஏன் ஊதவில்லை?

எங்கள் தெரு முடியும் இடத்தில் ஒரு ரயில் கேட் இருந்தது. கேட் என்று எல்லோரும் சொல்வார்களே தவிர, அங்கே கேட் கிடையாது. சிவப்பு விளக்கும் கிடையாது, காவலுக்கு ஆளும் கிடையாது. தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் சாலையோரமாக ஒவ்வொரு பலகை மட்டும் நிற்கும். ‘நில், பார், பிறகு செல்’ என்று எழுதியிருக்கும்.

அப்பாவால் அங்கே நிற்க முடியாது. அதுதான் சிக்கல்.

அப்பா ரொட்டி விற்பவர். மூன்று சக்கர வண்டியில் பெரிய தகரப் பெட்டி, அது நிறைய சுடச்சுட ரொட்டி. தண்டவாளமோ மேட்டில் இருந்தது. கீழேயிருந்து வேகமாக மிதித்து வந்தால்தான் வண்டி ஏறும். நடுவில் நிறுத்தினால் பின்னோக்கி உருள ஆரம்பித்துவிடும்.

அதனால் அப்பா காதை நம்பினார். நேரம் முன்னே பின்னே ஆனாலும் ஏழு பத்து ரயில், வளைவுக்கு அந்தப் பக்கமே நீளமாக ஊதும். சத்தம் கேட்டால் மேட்டுக்குக் கீழேயே நிற்பார். கேட்காவிட்டால் ஒரே மூச்சில் ஏறிவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை, போன வேகத்தில் அப்பா வீட்டுக்குத் திரும்பி வந்தார். பெட்டியில் ரொட்டி அப்படியே இருந்தது. தண்ணீர் கேட்டார். டம்ளர் அவர் பல்லில் பட்டு டக்டக்கென்றது.

“என்னப்பா ஆச்சு?” என்றாள் அக்கா.

“ஒண்ணுமில்ல. ரயில் வந்துச்சு.”

“அது தினம்தானே வருது.”

“தினம் ஊதிட்டு வரும். இன்னைக்கு ஊதல. பாதி மேட்டுல சங்கிலி கழண்டு வண்டி பின்னால உருண்டுச்சு. உருண்டதாலதான் தப்பிச்சேன்.”

அம்மா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தார். “இனிமே அந்த வழியே வேண்டாம். பாலத்தைச் சுத்திப் போங்க.”

“சுத்திப் போனா எட்டரை ஆகும். எல்லாரும் சாப்பிட்டுக் கைகழுவின பிறகு யார்கிட்ட விக்கறது?”

அப்பாவிடம் ரொட்டி வாங்குபவர்கள் எல்லாரும் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்தான் இருந்தார்கள்.

அக்காவுக்கு அப்போது பத்து வயது, எனக்கு எட்டு. தெருவில் அவளை ‘வக்கீல்’ என்பார்கள். கேள்வி கேட்காமல் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டாள்.

மறுநாளிலிருந்து அப்பா வேறு வழியில்லாமல் பாலத்தைச் சுற்றிப் போனார். மூன்று நாள் அக்கா ஏழு மணிக்கே என்னை இழுத்துக்கொண்டு போய் மேட்டுக்குக் கீழே நின்றாள். செவ்வாய்க்கிழமை ரயில் ஊதவில்லை. புதன்கிழமை ஊதியது. வியாழக்கிழமை மறுபடியும் ஊதவில்லை.

“பாத்தியா? தாடிக்காரர் ஓட்டினா ஊதறார். கண்ணாடிக்காரர் ஓட்டினா ஊதல” என்றாள்.

எனக்கு ரயில் பெட்டிகளை எண்ணத்தான் நேரம் இருந்தது. அவள் ஓட்டுநரின் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

அன்று மாலை ரயில் நிலையத்துக்குப் போனோம். கண்ணாடிக்காரர் எஞ்சின் அருகே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். அது கறுப்புச் சட்டம் போட்ட கண்ணாடி என்று நினைக்கிறேன். ‘இல்லை, பழுப்பு’ என்று திருத்த இப்போது அக்கா இல்லை.

“மாமா, நீங்க ஏன் எங்க அப்பாவுக்கு ஊத மாட்டேங்கறீங்க?”

“உங்க அப்பா யாரும்மா?”

“ரொட்டிக்காரர்.”

“ரொட்டிக்காரருக்கு ஊதச் சொல்லி எனக்கு உத்தரவு இல்லையே.”

அக்கா சிரிக்கவில்லை. திங்கட்கிழமை நடந்ததைச் சொன்னாள். அவர் தேநீரைக் கீழே வைத்துவிட்டார்.

“ஊத வேண்டிய இடத்துல, தண்டவாளத்து ஓரமா எங்களுக்குன்னு ஒரு மஞ்சள் பலகை இருக்கும். அதைப் பாத்துத்தான் ஊதுவோம். இந்தப் பாதைக்கு நான் புதுசு. அங்க பலகையே கண்ணுல படலம்மா. வளைவு திரும்பின பிறகுதான் ரோடே தெரியுது.”

“அப்ப தாடிக்கார மாமா மட்டும் எப்படி ஊதறார்?”

“அவர் இருபது வருஷமா இதே வழியில ஓட்டறார். கண்ணை மூடிக்கிட்டே ஊதுவார்.”

“கண்ணை மூடிக்கிட்டா ரயில் ஓட்டறார்?”

“தாயே, அதை வெளியில சொல்லிடாதே” என்றார் அவர். “நான் ஆபீஸ்ல எழுதிக் கொடுக்கறேன்.”

எழுதிக் கொடுத்தது எப்போது போய்ச் சேருமோ என்று அக்காவுக்குக் கவலை. நேரே சுத்தியல்காரரைத் தேடிப் போனாள். தினமும் தண்டவாளத்தைத் தட்டிப் பார்த்தபடி நடக்கும் ரயில்வே ஊழியர் அவர்.

“மஞ்சள் பலகையா? இருக்கே. நானே பெயிண்ட் அடிச்சேன்” என்றார்.

“எப்ப மாமா?”

அவர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒரு கை முடிந்து அடுத்த கைக்குப் போனதும் நிறுத்திவிட்டார். அரிவாளை எடுத்துக்கொண்டார்.

“வேலிக்கு இந்தப் பக்கமே நில்லுங்க. ஒரு அடி உள்ள வந்தாலும் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

வளைவுக்கு அப்பால் ஒரு கொடி, போர்வை போர்த்திய ஆள் மாதிரி நின்றுகொண்டிருந்தது. நீலப்பூ வேறு பூத்திருந்தது. அவர் வெட்ட வெட்ட உள்ளேயிருந்து மஞ்சள் தெரிந்தது.

“மாமா, தினம் இது பக்கத்துலதானே நடக்கறீங்க?”

“நான் கீழே பாத்து நடக்கறவன்மா” என்றார் அவர், கொஞ்சம் வெட்கத்தோடு.

சனிக்கிழமை காலை அப்பாவோடு நாங்களும் போனோம். அன்றும் கண்ணாடிக்காரர் முறைதான். மேட்டுக்குக் கீழே அப்பா கைப்பிடியை இறுகப் பிடித்திருந்தார். வளைவுக்கு அந்தப் பக்கமிருந்து சத்தம் கிளம்பியது. ரொம்ப நீளம். வேப்பமரத்துக் காக்கைகள் எல்லாம் பறந்துவிட்டன.

“மூச்சே விட மாட்டார் போல” என்றார் அப்பா. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதான்.

ரயில் போனதும் அவர் மிதிக்கத் தயாரானார். அக்கா வண்டியின் முன்னால் போய் நின்றாள்.

“அப்பா, வேற யாராவது புதுசா வந்து, ஊத மறந்துட்டா?”

“அதுக்கு என்ன பண்றது?”

“நாங்க பின்னாடி தள்ளறோம். நீங்க நம்ம பலகைகிட்ட நின்னு பாத்துட்டுப் போங்க.”

“தினமுமா?”

“தினமும்தான். பள்ளிக்கூடம் ஒன்பது மணிக்குத்தானே.”

அப்பா சரி என்று தலையாட்டினார். பிறகு நாங்கள் தள்ள, மெதுவாக மேடு ஏறினார். பலகை அருகே நின்றார். வண்டி உருளாமல் நாங்கள் இருவரும் முதுகைக் கொடுத்துத் தாங்கிக்கொண்டோம். ரொட்டிப் பெட்டியின் சூடு சட்டையைத் தாண்டி உறைத்தது. அப்பா இடப்பக்கம் பார்த்தார். வலப்பக்கம் பார்த்தார்.

“பாத்தாச்சாப்பா?” என்றேன். குதிகாலை மண்ணில் இன்னும் அழுத்தி ஊன்றிக்கொண்டேன்.

“இருடா. இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் நிதானமா பாக்கறேன்.”

“அவசரமே இல்லப்பா, நல்லா பாருங்க” என்றாள் அக்கா, பல்லைக் கடித்துக்கொண்டு.