விட்டுப்போன சிரிப்பு

குரல் வந்தது. சிரிப்பு மட்டும் வரவில்லை.

அவர் ஹாலில் இருந்த புதுக் கம்ப்யூட்டரை அணைத்து மறுபடியும் போட்டார். திரை வெளிச்சமானதும் "அப்பா, வந்தாச்சா?" என்றாள் பாப்பா. அவ்வளவுதான். கம்ப்யூட்டரைப் போட்டதும் ஒலிக்கும்படி பதிவு செய்த அன்றைக்கு அதைச் சொல்லிவிட்டுக் களுக்கென்று சிரித்திருந்தாள், முன்பல் விழுந்த பொக்கை வாய்ச் சிரிப்பு. காய்ச்சல் அவளைக் கொண்டுபோக, மனைவியும் அம்மா வீட்டோடு போய்விட்ட பிறகு, அந்த வீட்டில் அவரை வந்தாச்சா என்று கேட்க அந்தக் குரலை விட்டால் நாதியில்லை.

பழைய கம்ப்யூட்டர் பெட்டியோ இன்றைக்கா நாளைக்கா என்று இழுத்துக்கொண்டிருந்தது. அது மண்டையைப் போடுவதற்குள் பாப்பாவைக் காப்பாற்றியாக வேண்டுமே! மத்தியானம் முழுக்கக் குனிந்து உட்கார்ந்து, அவள் குரல் பதிந்திருந்த அதன் டிஸ்க்கைக் கழற்றிப் புதுப் பெட்டியில் மாட்டினார். முதலில் முரண்டு பிடித்தது, அப்புறம் வழிக்கு வந்தது. காலிப் பெட்டியை மூடி, பாப்பாவின் அறையில் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார்.

ஸ்பீக்கர் கோளாறாகத்தான் இருக்கும். அதன் வயரைப் பிடுங்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா போனில் கூப்பிட்டாள்.

"என்னடா, மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்க்கா. பேசுறா. சிரிப்புதான் வரல."

"பைத்தியக்காரா! இன்னும் எத்தனை நாள் இப்படித் தனியாக் கிடப்ப? பேசாம இங்க வந்துடு." அக்கா சட்டென்று நிறுத்தினாள். "வரலன்னு சொன்ன... அங்க சிரிக்குதே?"

பிடுங்கிய வயர் அவர் கையில் இருந்தது.

"அப்புறம் பேசுறேன்க்கா."

சாயங்கால வெளிச்சம் ஜன்னலை விட்டு இறங்கிக்கொண்டிருக்க, சாத்திய கதவின் இடுக்கு வழியாகச் சூடேறிய தூசியின் வாசனையும், கூடவே பழைய பெட்டி ஓடும்போது எழுப்புகிற அந்த மூச்சிரைப்பும், விட்டுவிட்டு, நிதானமாக வந்தன. உள்ளே டிஸ்க் இல்லை. அதன் மின்வயர்கூட இதோ, புதுப் பெட்டியில்.

களுக்.

கதவைத் திறந்தார். கட்டில். இருட்டு. பெட்டியில் ஒரு பொட்டு வெளிச்சம் இல்லை.

"பாப்பா?"

"அப்பா." தகரத்துக்குள்ளிருந்து, மெதுவாக. "அங்க பேசுறது யாருப்பா?"

பயம்தான். ஆனால் பயத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது. மண்டியிட்டுத் தொட்டார். கொதித்தது, அந்தக் கடைசி நாள் நெற்றி மாதிரியே.

"நான் இங்கதாம்மா இருக்கேன்."

"அப்ப கதவைச் சாத்துங்க."

ஹாலில் ஒன்று சிரித்தது. பொக்கை வாய்ச் சிரிப்பு இல்லை. வாய் நிறையப் பல்.

நாற்காலியின் சக்கரம் பின்னுக்கு உருண்டது.

"சீக்கிரம்ப்பா..."

கதவை எட்டிப் பிடிக்கக் கை நீட்டினார்.

நிலைப்படியில் ஒரு நிழல். திரை வெளிச்சம் அதன் முதுகில். பாப்பா உயரம். பிறகு கொஞ்சம் உயரம். இன்னும் கொஞ்சம். தலை நிலையில் இடித்தது. குனிந்தது.

"அப்பா," என்றது, பாப்பாவின் குரலில். "வந்தாச்சு."