பிடி விட்டால் போச்சு

ஒரே வாரத்தில் மூன்றாவது தடவையாக அந்தப் பழைய வீட்டின் படியேறும்போதே பிளம்பருக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. பத்து மணிக்கு மகளை டாக்டரிடம் கூட்டிப் போவதாக மனைவியிடம் சொல்லியிருந்தார். இந்த வீட்டுக் குளியல்தொட்டியில் முதல் தடவை முடி அடைப்பு எடுத்த அன்றைக்குத்தான் குழந்தைக்குத் தலைவலி ஆரம்பித்தது. ஆறு வயதுப் பிள்ளை, தலையில் சீப்பு வைக்கவே விடுவதில்லை. வேலியில் போன ஓணானை மடியில் விட்டுக்கொண்ட கதையாகிவிட்டது இந்த வேலை.

“மறுபடியும் தண்ணி அப்படியே நிக்குதுங்க,” என்றாள் வீட்டுக்கார அம்மா.

“அவ்வளவு முடியும் யாரோடதும்மா? பாத்துக் குளிக்கச் சொல்லக் கூடாதா?”

“யார்கிட்ட சொல்ல? நான் ஒருத்திதானே இருக்கேன்.” ஒட்ட வெட்டிய நரைத்தலையைத் தடவிக்கொண்டாள்.

குளியலறையில் வெளிச்சம் குறைவு. அழுகல் நாற்றத்துக்கு நடுவே குழந்தை பவுடர் வாசனை லேசாக வந்தது. அவர் முணுமுணுத்துக்கொண்டே சல்லடையைக் கழற்றி, கொக்கிக் கம்பியை உள்ளே விட்டுத் திருகினார். மாட்டியது. முடி மாட்டிய பிறகு கையை எடுக்கக் கூடாது, பிடி தளர்ந்தால் இன்னும் ஆழத்துக்குப் போய்விடும். அதனால் தொட்டி விளிம்பில் வைத்திருந்த செல்போன் அடித்தபோது அவர் எடுக்கவில்லை.

இழுத்தார். ஒரு முழம் வந்தது. கறுத்த, மெல்லிய முடி.

போன் மறுபடியும் அடித்தது.

“சனியனே, வந்து தொலை,” என்று பல்லைக் கடித்தபடி முடியைக் கையில் சுற்றிக்கொண்டு பலங்கொண்ட மட்டும் இழுத்தார். குழாய்க்குள் விசும்பல் மாதிரி ஒரு சத்தம். காற்றாக இருக்கும் என்று நினைத்தார்.

தண்ணீர் சில்லென்று இருந்தது.

முடி மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது.

“விடாம அடிக்குதுங்க,” என்றாள் வீட்டுக்கார அம்மா.

“நீங்களே எடுத்து ஸ்பீக்கர்ல போடுங்கம்மா. கைய விட்டா போச்சு.” சொல்லிக்கொண்டே இன்னொரு இழுப்பு இழுத்தார்.

போனில் குழந்தையின் அலறல் கேட்டது. அதற்கு மேலே மனைவியின் குரல்.

“எங்க இருக்கீங்க? பாப்பா தலைய யாரோ இழுக்கிறாங்க. இங்க யாருமே இல்லைங்க. முடி மட்டும் நட்டுக்கிட்டு நிக்குது.”

அவர் கை நின்றது.

அலறலும் நின்றது.

“விட்டுடுச்சு,” என்று மனைவி மூச்சு வாங்கினாள்.

கையில் சுற்றியிருந்த முடியை மெதுவாகப் பிரித்தார்.

முடி தானாகவே துளைக்குள் சரசரவென்று இறங்கியது.

“ஐயோ, தரையோட இழுத்துட்டுப் போகுதுங்க. பாத்ரூம் பக்கம்.”

பாய்ந்து இரண்டு கையாலும் பிடித்தார். குழந்தை வலியில் துடித்துக் கத்தினாள். தாங்க முடியாமல் பிடியைக் கொஞ்சம் தளர்த்தினார்.

“பாத்ரூம் வாசப்படிகிட்ட வந்துட்டா,” என்றாள் மனைவி.

குழாயின் அடியிலிருந்து யாரோ முடியை ஒரு சுண்டு சுண்டினார்கள்.