மூன்றாவது கோட்டிங்

சிவப்பு பல்பு அணையவே இல்லை.

ஜீவிதா மணி பார்த்தாள். பத்து நாற்பது.

பெயின்ட் பூத்தின் கதவுக்கு மேல் அந்த பல்பு எரிந்தால் உள்ளே ஸ்ப்ரே நடக்கிறது என்று அர்த்தம். கதவைத் திறக்கக் கூடாது. ஒரு தூசி நுழைந்தாலும் மொத்த வேலையும் பாழ். ஹெட் பெயின்டர் சின்னப்பன் போட்ட சட்டம் அது.

ஆனால் இவ்வளவு நேரமா?

"அண்ணா..."

கதவைத் தட்டினாள்.

எக்ஸாஸ்ட் ஃபேன் மட்டும் உறுமிக்கொண்டிருந்தது.

திறந்தாள்.

அடுத்த விநாடி அவள் போட்ட அலறலில், கூரைத் தகரத்தில் உட்கார்ந்திருந்த புறாக்கள் மொத்தமாய் எழும்பின!

சின்னப்பன் குப்புறக் கிடந்தார். பின்னந்தலையில் ரத்தம். வலது கைக்குப் பக்கத்தில் ஸ்ப்ரே கன். தலைமாட்டில் அவருடைய மாஸ்க். எதிரே ஸ்டாண்டில் ஒரு ரட்டர்... விமானத்தின் வாலில் நிமிர்ந்து நின்று இடம் வலம் அசையும் பலகை. அப்போதுதான் அடித்த வெள்ளை பெயின்ட் ஈரமாய் மினுங்கியது.

அவர் காலடியில் ஒரு ஸ்பேனர்.

அதன் பிடியில் ஏழு என்று நம்பர் பொறித்திருந்தது.

ஜீவிதாவின் நம்பர்.

---

விண்கோல் ஏரோ கோட்டிங்ஸ் ஷெட், இரும்புலியூரில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு இரண்டு தெரு உள்ளே. பயிற்சி விமானங்களின் இறக்கையும் வாலும் லாரியில் வரும். பழைய பெயின்ட்டை உரித்து, புது பெயின்ட் அடித்து அனுப்புவார்கள். அங்கே ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு நம்பர். ஒவ்வொரு ஸ்பேனருக்கும் ஒரு நம்பர். விமானத்துக்குள் எவனாவது ஸ்பேனரை மறந்து வைத்தால் யாரென்று தெரிய வேண்டுமே!

இன்ஸ்பெக்டர் ரோஹிணி அந்த ஸ்பேனரைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு மேஜைமேல் வைத்தாள். பக்கத்தில் ஏட்டு சுந்தர்சிங், நோட்டும் பேனாவுமாக.

"உன்னோடதுதானே?"

"ஆமா மேடம். ஆனா போர்டுல மாட்டித்தான் வச்சிருப்போம். யாரு வேணா எடுக்கலாம்."

"நேத்து உனக்கும் சின்னப்பனுக்கும் சண்டையாமே?"

"நான் தேய்ச்ச பேனல்ல விரல் ரேகை இருக்குன்னு மறுபடி முழுசா தேய்க்கச் சொன்னாரு. கோவத்துல கத்துனேன்."

"என்னன்னு?"

ஜீவிதா தலை குனிந்தாள்.

"ஒரு நாள் உன் மண்டையைத் தேய்க்கிறேன்னு."

சுந்தர்சிங்கின் பேனா வேகமாக ஓடியது.

"காலைல ஏன் லேட்டு?"

"பாப்பா ஸ்கூல்ல மீட்டிங். கோவிலம்பாக்கத்துலேர்ந்து பஸ் புடிச்சு வர்றதுக்குள்ள பத்து ஆயிடுச்சு. வந்தப்போ ஷெட்ல யாரும் இல்ல. சிவப்பு லைட் எரிஞ்சுது."

ரோஹிணி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"அதுதான் பிரச்சினை ஜீவிதா. மேனேஜர் ஜெயகிருஷ்ணன் ஒன்பதே முக்காலுக்கு கஸ்டமரைக் கூப்பிட்டு வர தாம்பரம் ஸ்டேஷன் போயிருக்கார். ஸ்டோர் துரை அதே நேரத்துக்கு தின்னர் வாங்க பல்லாவரம் போயிருக்கான். ரெண்டு பேரும் திரும்பினது பதினொண்ணுக்கு மேல. பத்து நாற்பதுக்கும் பெயின்ட் ஈரம். அப்போ பத்து மணி வரைக்குமாவது அந்த ஆள் உயிரோட பெயின்ட் அடிச்சிருக்கார். அதுக்கப்புறம் இங்க இருந்தது யாரு?"

"நான் மட்டும்தான்."

"அஞ்சு மணிக்கு ஏ.சி. வர்றார். அவர்கிட்ட நான் ஒரு பேர் சொல்லணும். இப்போதைக்கு என்கிட்ட ஒரு பேர்தான் இருக்கு."

நாலு மணிக்கு ஸ்கூல் வேன் ஜீவிதாவின் மகளை இறக்கிவிடும். கதவு பூட்டியிருக்கும். அந்த எட்டு வயசு, படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்காகக் காத்திருக்கும்...

பக்கத்து வீட்டு சாவித்ரி அக்காவுக்கு போன் செய்ய மட்டும் அனுமதி கேட்டாள். கிடைத்தது.

"மேடம்... அந்த ரட்டரை நான் ஒரு வாட்டி பாக்கலாமா?"

"எதுக்கு?"

"அது அண்ணன் அடிச்சது இல்ல."

---

பிணத்தை எடுத்துப் போயிருந்தார்கள். மணி இரண்டு. ரட்டரின் பெயின்ட் தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய்ந்திருந்தது.

ரோஹிணி குனிந்து பார்த்தாள். தன் முகமே தெரிந்தது.

"கண்ணாடி மாதிரி இருக்கே. இதுல என்ன குறை?"

"அதான் குறை. இது காரோட பளபளப்பு மேடம்."

"புரியற மாதிரி சொல்லு."

"கார்ல கோட்டிங் மேல கோட்டிங் போட்டு மினுக்குவாங்க. நாங்க மெல்லிசா ரெண்டே கோட்டிங். அண்ணன் கை ஓரத்துக்கு வந்ததும் ட்ரிக்கரை விட்டுடும். இங்க பாருங்க, ஓரமெல்லாம் கட்டியா கீது. இது மூணு கோட்டிங். காய ரொம்ப நேரம் புடிக்கும்."

"கண்ணால பார்த்துச் சொல்றதை கோர்ட்ல ஒத்துக்க மாட்டாங்க."

"எடை ஒத்துக்குவாங்களா?"

சுவரில் ஒரு போர்டு தொங்கியது. அடிக்கும் முன் எடை, அடித்த பின் எடை. நேற்றைய தேதியில், அடிக்கும் முன் என்ற கட்டத்தில், சின்னப்பனின் கையெழுத்தில் மூன்று கிலோ எண்ணூற்று நாற்பது கிராம் என்றிருந்தது.

"ரெண்டு கோட்டிங்னா நூத்திப் பத்து கிராம் ஏறும். பத்து கிராம் கூடுதலா ஏறினாலே அண்ணன் உரிச்சுட்டு மறுபடி அடிப்பாரு."

சுந்தர்சிங் கையுறையோடு ரட்டரைத் தூக்கித் தராசில் வைத்தார்.

நாலு கிலோ முப்பத்தைந்து கிராம்.

"எம்பத்தஞ்சு கிராம் ஜாஸ்தி," என்றாள் ஜீவிதா.

"ஒரு சோப்புக் கட்டி எடை. அதனால என்ன ஆயிடும்?"

"வால்ல அசையற பலகை மேடம். கனம் கூடினா வேகத்துல போறப்போ தானா படபடன்னு அடிச்சுக்கும். பிச்சுக்கினு போயிடும். உள்ள உக்காந்து கீற புள்ளைக்கு இருபது வயசு இருக்கும்."

ரோஹிணி தராசு காட்டிய எண்ணை மறுபடி பார்த்தாள்.

"சரி. வேற யாரோ அடிச்சிருக்கான். முன்னாடியே கொன்னுட்டு, அவர் உயிரோட வேலை செஞ்ச மாதிரி காட்டறதுக்காக. ஆனா அதை நீயே கூட வேணும்னே மோசமா அடிச்சிருக்கலாமே?"

"அப்படியும் சொல்லலாம்," என்றாள் ஜீவிதா வறண்ட குரலில். "அதனாலதான் இன்னொண்ணு சொல்றேன். அண்ணன் மாஸ்க்கைப் பாருங்க. அரை மணி நேரம் ஸ்ப்ரே அடிச்சா மாஸ்க்கெல்லாம் வெள்ளைப் பொடி படியணும். ஒரு பொட்டு கூட இல்ல. யாரோ தொடைச்சு வச்சிருக்கான்."

"அப்போ கொலைகாரன் அந்த மாஸ்க்கைப் போட்டிருக்கான்."

"போட்டுத்தான் ஆகணும். இந்த பெயின்ட்ல கலக்கற ஹார்டனர் நெஞ்சுக்குள்ள போனா ஆளைச் சாய்ச்சுடும். உடனே இல்ல. ஆறு மணி நேரம், ஏழு மணி நேரம் கழிச்சு மூச்சு இழுக்கும். முன்னாடியே இந்த பெயின்ட்ல வேலை பாத்து ஒத்துக்காதவனுக்கு நிச்சயமா இழுக்கும்."

"மாஸ்க் போட்டவனுக்கு ஏன் இழுக்கணும்?"

ஜீவிதா பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டாள்.

"அண்ணன் முகத்தைப் பாத்தீங்களா? காலைல ஷேவ் பண்ண முகம். முப்பது வருஷமா ஒரு நாள் தவறினது இல்ல. முள்ளு முள்ளா முடி இருந்தாலே மாஸ்க் கன்னத்துல உக்காராது. காத்து ஓரமா பூந்துடும்."

ரோஹிணியின் கண்கள் ஆபீஸ் அறையின் கண்ணாடிக் கதவுப் பக்கம் திரும்பின.

உள்ளே இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

துரைக்கு நெஞ்சு வரைக்கும் மலைக்குப் போகிற தாடி.

ஜெயகிருஷ்ணனுக்கு அளவாக வெட்டிய ஃப்ரெஞ்ச் தாடி.

"ஒன்பதரைக்கு அடிச்சிருந்தா..." ரோஹிணி விரல் விட்டு எண்ணினாள்.

"மூணரைலேர்ந்து அஞ்சுக்குள்ள, மேடம். எல்லாரையும் உக்கார வைங்க. டீ வாங்கிக் குடுங்க. அவனே சொல்லுவான்."

"சொல்லலேன்னா?"

"ஏ.சி. சார் வந்ததும் என் பேரைச் சொல்லிடுங்க."

---

மூன்று ஐம்பது.

எல்லோரும் ஆபீஸ் அறையில். சுந்தர்சிங் வாக்குமூலத்தை வேண்டுமென்றே மெதுவாக எழுதிக்கொண்டிருந்தார்.

"பேஜாரா கீது சார்," என்றான் துரை. "ஒரு பேரை எழுத எம்மாம் நேரம்? நானே எழுதிக் குடுத்துடட்டா?"

"முன்னாடி எங்கே வேலை பார்த்தே?" என்றார் சுந்தர்சிங்.

"பல்லாவரத்துல. கார் ஒர்க்‌ஷாப்."

ரோஹிணி நிமிர்ந்தாள்.

"பெயின்ட் அடிச்சியா?"

"நான் டிங்கர் மா. நசுங்குனதைத் தட்டி நிமித்துவேன். பெயின்ட் அடிக்கறவன் வேற ஆளு. இன்னாத்துக்கு கேக்கறீங்கோ?"

"சும்மா."

ஜெயகிருஷ்ணன் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார்.

"மேடம், யூ ஹேவ் மை ஃபுல் கோஆபரேஷன். பட், ஜீவிதாவை இன்னும் ஏன் வெளில விட்டு வச்சிருக்கீங்கன்னுதான் புரியல."

"ஏ.சி. வரட்டும் சார். நீங்க என்னிக்காவது ஸ்ப்ரே கன் பிடிச்சிருக்கீங்களா?"

"நானா? நான் ஏரோநாட்டிக்கல் டிப்ளமா. பேப்பர் ஒர்க்கோட சரி."

நாலு பத்து.

துரை இருமினான்.

ரோஹிணி பாதி எழுந்துவிட்டாள். சுந்தர்சிங்கின் கை லத்தியைத் தொட்டது. துரை மறுபடி இருமினான். மார்பைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வர, நீளமாக...

ஜீவிதா இடம் வலமாகத் தலையாட்டினாள்.

"அது பீடி மேடம். தினமும் இந்த நேரத்துக்கு வரும்."

"ஒரு மன்சனை நிம்மதியா இரும வுட மாட்டியாம்மே?" என்றான் துரை.

நாலு முப்பது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஜீவிதா மறுபடி மணி பார்த்தாள். ஒருவேளை மாஸ்க் சரியாக உட்கார்ந்திருந்தால்? ஒருவேளை மூன்றாவதாக ஒருவன் வந்துவிட்டுப் போயிருந்தால்?

நாலு நாற்பது. வாசலில் ஜீப் சத்தம்.

"ஏ.சி. சார்," என்றார் சுந்தர்சிங்.

ரோஹிணி எழுந்து தொப்பியை எடுத்தாள். ஜீவிதாவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் மன்னிப்பு மாதிரி ஏதோ இருந்தது.

"கிளம்பு, ஜீவிதா."

"ஒரு நிமிஷம் மேடம். அந்த ஃபேனை நிறுத்துங்க."

சுந்தர்சிங் ஸ்விட்சைத் தட்டினார்.

மின்விசிறி நின்றது. அறை அமைதியாயிற்று.

அப்போதுதான் கேட்டது.

விசில்...

மெலிதாக, தூரத்தில் குக்கர் ஒன்று ஊதுவதற்குத் தயாராவதைப் போல... உள்ளே ஒரு முறை. வெளியே ஒரு முறை.

எல்லோரும் ஒரே திசையில் திரும்பினார்கள்.

ஜெயகிருஷ்ணனின் சட்டைக் காலர் மேலும் கீழும் ஏறி இறங்கியது.

"டஸ்ட்... டஸ்ட் அலர்ஜி..." என்றார்.

"எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது சார்?" ஜீவிதாவின் குரல் நிதானமாக வந்தது.

"வாட் நான்சென்ஸ்..."

முடிக்கவில்லை. மூச்சு நடுவில் அறுந்தது. மேஜையின் விளிம்பைப் பிடித்தார். உதடு நீலமாகத் தொடங்கியது.

"சுந்தர்சிங், ஆம்புலன்ஸுக்கு சொல்லுங்க," என்றாள் ரோஹிணி. பிறகு அவர் காதருகே குனிந்தாள். "பயப்படாதீங்க, பிழைச்சுக்குவீங்க. ஒரு தகவல் மட்டும் சொல்லிடறேன். சின்னப்பன் மாஸ்க்குக்குள்ள தாடி முடி ஒண்ணு கிடைச்சிருக்கு. லேபுக்கு அனுப்பிட்டோம்."

"பொய்... கிடைக்காது..." ஜெயகிருஷ்ணன் திணறினார். "நான்தான் தின்னர் போட்டு... நல்லா தொடைச்..."

நின்றது.

மூச்சு அல்ல. பேச்சு.

துரை வாயைப் பிளந்தபடி பார்த்தான்.

"நல்லாத்தான் தொடைச்சிருக்கீங்க," என்றாள் ரோஹிணி. "முடி எதுவும் கிடைக்கல."

---

இரண்டு நாள் கழித்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஜெயகிருஷ்ணன் எல்லாவற்றையும் சொன்னார். அப்பாவுக்குக் குரோம்பேட்டையில் கார் பெயின்ட் ஷெட் இருந்தது. இருபது வயது வரைக்கும் அங்கே கன் பிடித்தார். மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் டாக்டர் நிறுத்தச் சொன்னார். அதன் பிறகு டிப்ளமா, டை, மேனேஜர். சீக்கிரம் டெலிவரி கொடுப்பதற்காகப் பழைய பெயின்ட்டை உரிக்காமலே மேலே அடித்து, பொய் எடை எழுதி இரண்டு விமானங்களின் வாலை அனுப்பியிருந்தார். சின்னப்பன் கண்டுபிடித்துவிட்டார். கஸ்டமர் பதினொரு மணிக்கு வரும்போது எல்லாவற்றையும் சொல்லப்போவதாகச் சொன்னார். அவ்வளவுதான்.

அந்த இரண்டு விமானங்களும் அன்றைக்கே தரையில் நிறுத்தப்பட்டன.

ரோஹிணி ஷெட்டுக்கு வந்தபோது ஜீவிதா எடைப் போர்டின் முன்னால் நின்றிருந்தாள். சின்னப்பன் எழுதிய வரியை யாரும் அழிக்கவில்லை.

"பேப்பர்ல அவருக்கு எல்லாமே தெரியும் மேடம். கையிலதான் காரு கீது. கை பொய் சொல்லாது."

"மாஸ்க் போட்டா போதும்னு நினைச்சேன்னு சொன்னார்."

"தாடியோட போட்டாரு. அண்ணன் தினமும் ஷேவ் பண்ணது கல்யாணத்துக்குப் போறதுக்குன்னு நினைச்சுட்டாரு போல."

ரோஹிணி சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசலைக் காட்டினாள். அங்கே ஸ்டேஷன் ஜீப், வெயிலில் துருவேறி நின்றது.

"உன்னால ஒரு உதவி. இதுக்கு ஒரு கோட்டிங் அடிச்சுக் குடேன்."

"எனக்கு ஏரோபிளேன்தான் மேடம் தெரியும். காருன்னா ஜெயகிருஷ்ணன் சாரைக் கேளுங்க, முகம் தெரியற மாதிரி அடிப்பாரு." ஜீவிதா மாஸ்க்கை முகத்தில் பொருத்தினாள். "ஆனா கன்னைக் கையில குடுக்கறதுக்கு முன்னாடி, ஷேவ் பண்ணச் சொல்லுங்க."