வீரம்மாவைச் சாகடித்த கதை

வீரம்மா கதிரையில் உட்கார மறுத்துவிட்டாள். நின்றபடியே, ஞாயிறு பத்திரிகையில் வெட்டிய தாளைச் செல்லப்பாவின் மேசைமேல் வைத்தாள்.

"ஐயா, இந்தக் கதையில செத்துக் கெடக்குறது எம் புருசன். எழுதுனவருக்கு அது எப்படித் தெரிஞ்சிச்சின்னு கேட்டுச் சொல்லணும்."

பளீலுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அது எழுத்தாளர் சேதுராமனின் பரிசு பெற்ற கதை. அலவத்துகொடயிலிருந்து கண்டிக்கு வாடகைக் கார் ஓட்டும் பளீல், சேதுராமன் பேசும் கூட்டம் எதிலும் முன்வரிசையைப் பிடித்துவிடுவான். மிஞ்சிய நேரத்தில் செல்லப்பாவின் பின்னால் துப்புத் துலக்கித் திரிவது அவனுடைய இன்னொரு பைத்தியம். செல்லப்பா நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுள் முழுக்கச் சாட்சிகளின் வாயைப் பார்த்தே இருந்தவருக்கு, யார் கண்டதைச் சொல்கிறார், யார் கட்டிச் சொல்கிறார் என்பது சட்டென்று பிடிபட்டுவிடும்.

"முதலிலேயிருந்து சொல்லுங்கோ, அம்மா" என்றார் அவர்.

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். மூன்று வருடங்களுக்கு முன், உடைந்த தாலிப் பொட்டைக் கண்டித் தட்டாரிடம் சரிசெய்யப் புறப்பட்ட அவளுடைய கணவன் கறுப்பையா வீடு திரும்பவில்லை. தோட்டத்து ஆட்களை அரசாங்கம் இந்தியாவுக்குக் குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றிக்கொண்டிருந்த காலம். கட்டியவளின் தாலியைத் தூக்கிக்கொண்டு எவளோடோ கப்பலேறிவிட்டான் என்று லயத்து வீடுகளெல்லாம் முடிவு கட்டிவிட்டன. பொலிசும் அதையே சொல்லிக் கையைக் கழுவிவிட்டது.

"எம் புள்ளைகள ஓடிப்போனவன் புள்ளைன்னு கூப்புடுறாங்க, ஐயா. செத்திருந்தா அழுதுட்டுப் போறேன். அவரு ஓடலைன்னு மட்டும் ஊருக்குத் தெரியணும்." கழுத்துக் கயிற்றில் தாலிக்குப் பதிலாகக் கட்டியிருந்த மஞ்சள் கிழங்குத் துண்டை அவள் பிடித்துக்கொண்டாள்.

செல்லப்பா கதையை வாய்விட்டு வாசித்தார். மூடுபனியில் ஒரு தோட்டத் துரையின் கார் தொழிலாளி ஒருவனை மோதிவிட்டுப் பறந்துவிடுகிறது. வழியில் வந்த ஒருவர் அவனுடைய சட்டையைத் திறக்கிறார். உள்ளே, கழுத்தில், ஒரு தாலி. விரிசல் விட்ட பொட்டில் நீல நூல் சுற்றியிருக்கிறது. 'இறந்துபோன மனைவியை அவன் நெஞ்சில் சுமந்துகொண்டிருந்தான்.' அந்த வரியில்தான் பளீல் காரை ஓரங்கட்டி நிறுத்திவிட்டு அழுதிருந்தான்.

"தாலி எப்படி அவற்ர கழுத்துக்கு வந்தது?" என்று கேட்டார் செல்லப்பா.

"நாந்தான் மாட்டிவிட்டேன். பையில வச்சா விழுந்துரும்னு சட்டைக்குள்ள போட்டு, பொத்தானையும் பூட்டிவிட்டேன். பொட்டு கழண்டுறாம பாவாட நூல சுத்துனேன். நீல நூலு. லயத்துல ஒருத்தரும் பாக்கல."

"உங்கட பக்கம் பெண்சாதி முந்திச் செத்தா தாலியை என்ன செய்வினம்?"

"தாலியோடதான் பொதைப்போம். புருசங்காரன் கழட்டி வச்சிக்கிட்டா காறித் துப்புவாங்க."

செல்லப்பா சால்வையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

வழியெல்லாம் பளீல் சேதுராமனுக்காக வாதாடினான். "அந்த மனுசன் தங்கம், ஐயா. பொஞ்சாதி மௌத்தானப்போ கழட்டின தாலிய இன்னமும் அலுமாரியில வெச்சிருக்கார். கூட்டத்துல சொல்லி அழுதார். ஆராவது சொன்னதத்தான் எழுதியிருப்பார்."

"ஓம் தம்பி, அதையும் கேட்டுப் பாப்பம்" என்றார் செல்லப்பா.

சேதுராமனின் புத்தகக் கடையில் பரிசளிப்பு மாலை வாடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. "வாங்க பளீல்!" என்று அவர் எழுந்தபோது பளீலுக்கு உச்சி குளிர்ந்தது. வீரம்மா வெளியே காரில் இருந்தாள்.

"அந்தத் தாலி விசயம் நீங்கள் எங்கே கண்டது?" என்று கேட்டார் செல்லப்பா.

"அதுங்களா? முழுக்கக் கற்பனைங்க. யாரும் சொல்லவும் இல்ல, நான் பாக்கவும் இல்ல."

பளீலின் வாய் அவனைக் கேட்காமலே திறந்துகொண்டது. "கண்ணால காணாதத எழுத மாட்டேண்டு எல்லாக் கூட்டத்துலயும் சொல்லுவீங்களே, சேர்?"

செல்லப்பா வெளியே போய் வீரம்மாவை அழைத்து வந்தார்.

"இவதான் உங்கட கதையில செத்துப்போன மனைவி" என்றார்.

சேதுராமன் ஓரடி பின்வாங்கினார்.

"கட்டிச் சொல்லுறவன் கதைக்குத் தேவையானதைத்தான் சொல்லுவான். கண்டவன் தேவையில்லாததையும் சொல்லிப்போடுவான். நீல நூல் உங்கட கதைக்கு ஒண்டுக்கும் உதவேல்லை. ஆனா அது உண்மை. இந்த அம்மா சுத்தினது. பூட்டின சட்டையைத் திறந்தவனுக்கு மட்டும்தான் அது தெரியும். ஆம்பிளையின்ர கழுத்திலே தாலி ஏன் எண்டுதான் உங்களுக்கு விளங்கேல்லை. உங்கட வீட்டுச் சாவை அதிலே கொண்டுபோய் மாட்டிவிட்டீங்கள். தோட்டத்திலே தாலியோடு புதைப்பினம் எண்டது உங்களுக்குத் தெரியாது."

"நான் வழியில பாத்திருக்கலாமே..." என்றார் சேதுராமன்.

"பாத்திருந்தா மேடையிலே சொல்லியிருப்பீங்கள். கண்டதையெல்லாம் பெருமையாச் சொல்லுற ஆள், இதை மட்டும் கற்பனை எண்டு ஒளிக்கிறீங்கள். ஒளிக்க வேண்டியவன் காரை ஓட்டினவன்தான்."

சேதுராமன் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "பனிங்க. கண்ணே தெரியல. உயிர் போனதும் பயந்துட்டேன். பள்ளத்துல தள்ளிட்டுக் கல்லைப் போட்டு மூடினேன். எழுதிட்டா நெஞ்சுப் பாரம் குறையும்னு நினைச்சேன்."

குறைந்துதான் இருக்கும் என்று நினைத்தான் பளீல். மாலையும் பரிசும் கைதட்டலும் வேறு. குற்றத்தை ஒரு துரையின் தலையில் கட்டிவிட்டு, தானே கொன்ற ஒருவனுக்காக ஊரையே அழவைத்த மனிதர்! அந்த அழுகையில் தன்னுடையதும் சேர்ந்திருந்ததை நினைக்க அவனுக்கு அருவருப்பாக இருந்தது. அவரை அடிக்கத்தான் தோன்றியது.

"தம்பி, பொலிசுக்குப் போன் பண்ணுங்கோ" என்றார் செல்லப்பா.

வீரம்மா அழவில்லை. 'ஓடல, அவரு ஓடல' என்று தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு சேதுராமனின் முன்னால் வந்து நின்றாள்.

"கதையில அவரு சாகும்போது தோட்டத்தப் பத்தி, புள்ளைகளப் பத்தியெல்லாம் அழகா பேசுறாரே. அப்படித்தான் சொன்னாரா, ஐயா?"

"இல்லம்மா. அது நான் எழுதினது."

"அப்ப ஒன்னுமே சொல்லலியா?"

சேதுராமன் தரையைப் பார்த்தார். "தண்ணி கேட்டாரு."

"குடுத்தீங்களா?"

பளீல் தொலைபேசியைக் கையில் வைத்தபடி திரும்பிப் பார்த்தான். அவள் பதிலுக்காக நின்றுகொண்டே இருந்தாள்.