இருபது மில்லி மிச்சம்

புதன்கிழமை, மாலை 4.00.

ஏழாம் படுக்கையில் கருப்பாத்தாள் போட்ட சத்தம் லிஃப்ட் வரை கேட்டது. வலது நுரையீரலில் ஒரு பகுதியை எடுத்து மூன்று நாள். கோபிசெட்டிபாளையத்தில் வாழைத்தார் சுமந்து பழகிய தோட்டக்காரி. லேசில் அழுகிறவர் அல்ல.

"நேத்தும் இதே நேரந்தானுங்க டாக்டர்!" என்றான் மகன் சபரீஷ். கனடாவிலிருந்து ஆறு வருடம் கழித்து வந்தவன். அம்மாவின் கையைப் பிடித்திருந்தான்.

மயக்க மருத்துவர் ஷைமா ஓடி வந்தாள். வலிக்குப் பத்துக்கு எத்தனை என்று கேட்டாள். ஒன்பது என்றார் கருப்பாத்தாள். மதியம் பன்னிரண்டு மணிப் பதிவில் இரண்டுதான் இருந்தது.

ஷைமா பன்னிரண்டு மணிப் பதிவை மறுபடி பார்த்தாள். நெஞ்சு அறுவைக்குப் பிறகு வலியைக் கொல்ல எது நல்லது என்று இரண்டு வருடமாக இரண்டு வழிகளை ஒப்பிட்டு வருகிறாள். பழைய வழியில் தண்டுவட உறைக்கு வெளியே மருந்து போகும்; இரு பக்கமும் மரத்துப்போகும், சிலருக்கு ரத்த அழுத்தம் விழும். புதிய வழியில் முதுகெலும்பின் ஓரத்தில் ஒரு மெல்லிய குழாய். அறுத்த பக்கம் மட்டும் மரக்கும். இடுப்புப் பையிலுள்ள பலூன் பந்து, மின்சாரமும் அலாரமும் இல்லாமல், மணிக்கு ஐந்து மில்லி தள்ளும். கருப்பாத்தாளுக்குக் கிடைத்தது புதிய வழி.

அறுவை மருத்துவர் கிருபாசங்கர் கதவருகே நின்றார். "ரெண்டு நாளா ஒம்போது. இன்னியோட இந்த ஒப்பீட்டை நிறுத்திக்கலாம் ஷைமா. முறை மேல தப்பில்லீன்னா, கவனிக்காத நர்ஸுக்கு மெமோ குடுக்கணும்."

நர்ஸ் சண்முகப்ரியாவின் முகம் சுருங்கியது.

4.20. பந்தைக் கழற்றி எடை பார்த்தாள் ஷைமா. நேற்று மாலை ஆறு மணிக்கு மாட்டியது. இன்று நான்கு வரை இருபத்திரண்டு மணி நேரம். நூற்றுப்பத்து மில்லி போயிருக்க வேண்டும். தொண்ணூறுதான் போயிருந்தது. போக வேண்டியதில் இருபது மில்லி மிச்சம்.

மருந்து தோற்கவில்லை. நான்கு மணி நேரம் யாரோ அதை நிறுத்தியிருக்கிறார்கள்.

"பன்னெண்டுக்கு அப்புறம் படுக்கைகிட்ட யாரு வந்தாங்க?"

"பெரிய டாக்டர் ரவுண்ட்ஸ் வந்தாருங்க. பன்னெண்டரைக்கு நான் மாத்திரை குடுத்தேன்" என்றாள் சண்முகப்ரியா.

"குழாயில இருக்கற கிளிப்பைத் தொட்டியா?"

"சத்தியமா இல்லீங்க டாக்டர்."

கிருபாசங்கர் சிரித்தார். "என்னைச் சந்தேகப்படறியா? உன்ற முறையைத்தான் நான் நம்பலை. அதுக்காக நோயாளியை அழவிடுவனா?"

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று ஆகிவிடக்கூடாதே என்றுதான் ஷைமா தவித்தாள். குழாயை விளக்கில் பிடித்துப் பார்த்தாள். கிளிப் அழுந்திய தடமே இல்லை. அதற்கு நாலு விரல் தள்ளி, அடுத்தடுத்து இரண்டு வெள்ளைக் கோடுகள்.

4.45. கருப்பாத்தாள் அடங்கியிருந்தார். மணிக்கட்டில் ஆஸ்பத்திரிப் பட்டையோடு ஒரு சிவப்பு ரப்பர் பேண்ட். சபரீஷ் அம்மாவின் தோட்டத்தைக் காட்டப் போனை நீட்டினான்.

"அட்மிட் ஆகறதுக்கு முந்தின நாள் எடுத்ததுங்க. தோட்டத்துல சும்மா இருன்னா கேக்க மாட்டாங்க."

வீடியோவில் கருப்பாத்தாள் சொட்டுநீர்க் குழாயின் முனையை இரண்டு மடிப்பு மடித்து, மேலே ஒரு ரப்பர் வளையத்தை மாட்டித் தண்ணீரை நிறுத்தினார். ஷைமா அதை இரண்டு முறை பார்த்தாள். பிறகு சபரீஷைக் காபி வாங்க அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தாள்.

"ஏனுங்கம்மா, ஆஸ்பத்திரி ஆளு மருந்தை நிறுத்தணும்னா கிளிப்பை அழுத்துவாங்க. ரெண்டா மடிச்சு ரப்பர் மாட்டறது தோட்டத்து ஆளுங்க. மடிச்சது நீங்கதானுங்களே?"

கருப்பாத்தாள் மணிக்கட்டு ரப்பர் பேண்டைத் தடவினார்.

"ஆமாங்க டாக்டரம்மா. பன்னெண்டு மணிக்கு நம்பர் கேட்டுட்டுப் போனதும் மடிச்சுபோடுவேன். பையன் வந்து கையப் புடிச்சதும் எடுத்துருவேன்."

"எதுக்குங்க இப்படி?"

"வலிச்சா டிக்கெட்டைத் தள்ளிப்போடறேன்னு திங்கக்கெழம சொன்னானுங்க. நாளைக்கு ராத்திரி அவனுக்கு பிளேனு."

ஷைமாவால் கோபப்பட முடியவில்லை. சின்ன வயதில், பெற்ற அத்தா வேலைக்காகக் குவைத்துக்குக் கிளம்பும் நாளிலெல்லாம் அவளுக்கும் தவறாமல் வயிற்று வலி வந்திருக்கிறது. ஆனாலும் ஒரு நர்ஸின் வேலையும் இரண்டு வருட உழைப்பும் அந்த ரப்பர் பேண்டில் தொங்கின. "நான் இதை எழுதித்தானுங்கம்மா ஆகணும்" என்றாள்.

"எழுதுங்க அம்மணி. அந்தப் புள்ளை மேல பழி வேண்டாம்."

திரைக்கு வெளியே காபித் தம்ளரோடு சபரீஷ் நின்றிருந்தான்.

"இருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா?"

"ஆறு வருசமா போன்ல, 'சாப்டியா கண்ணு'ன்னு தெனமும் கேட்டனே. அதுக்கு வேற என்ன அர்த்தம்னு நெனச்ச?"

அவன் காபியை ஆற்றிக்கொண்டிருந்தான்.

வியாழன், மாலை 5.30. ஒப்பீடு நிற்கவில்லை, சண்முகப்ரியாவுக்கு மெமோவும் இல்லை. கனடாவில் லீவு நீட்டித் தர மறுத்துவிட்டார்கள். சபரீஷ் பையைத் தோளில் மாட்டினான்.

"வாரேன்மா."

ஊரில் போகிறவர்கள் எல்லோரும் சொல்லும் வார்த்தைதான். கருப்பாத்தாள் அன்றுதான் முதல் முறையாக அதைத் திருப்பிக் கேட்டார்.

"எப்பன்னு சொல்லு கண்ணு."

அவன் பையை இறக்கி வைத்தான். "தைப்பொங்கல் நோம்பிக்கும்மா. இங்கியே டிக்கெட் போட்டுடறேன்." அம்மாவின் கட்டிலில் உட்கார்ந்து போனைத் திறந்தான்.

அவன் போன பிறகு ஷைமா பந்தைப் பார்த்தாள். மருந்து ஒழுங்காக இறங்கியிருந்தது.

"வலி எத்தனைங்கம்மா?"

கருப்பாத்தாள் ரப்பர் பேண்டைக் கழற்றி அவள் கையில் வைத்தார்.

"புண்ணுக்கு ரெண்டுங்க அம்மணி."

ஷைமா இரண்டு என்று எழுதினாள். கருப்பாத்தாள் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.