பச்சைக் காரின் சிவப்புக் கதவு

கொட்டிலுக்குள் நுழைந்ததும் யாகப்பு முதலில் கவனித்தது சில்லுகளைத்தான். தன் மகன் செத்த நாளிலிருந்து யாரும் தொடவில்லை என்று வீட்டுக்காரி குணலட்சுமி சொன்ன காரின் நாலு சில்லுகளிலும் காற்று கல்லுப்போல இருந்தது. பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்ச நாள் சும்மா நின்றாலே சில்லு காற்றுப் போய்ச் சப்பையாகிவிடும். இது வருடக்கணக்காக நிற்கிற கார். அதைப்பற்றி யோசிக்க அவருக்குத் தெம்பில்லை. மானிப்பாய் ஆஸ்பத்திரி வாங்கில் குந்தியிருந்து விடிய வைத்துவிட்டு, மருதனார்மடத்துக்குச் சைக்கிள் உழக்கி வந்திருக்கிறார். காற்று இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அவர் அறிய இந்த வகை ஸ்போர்ட்ஸ் கார் குடாநாட்டில் இரண்டே இரண்டு. ஒன்று, கொழும்புக் கலவரத்துக்குப் பிறகு கனகரத்தினம் முதலாளி கொண்டுவந்து, யாகப்புவின் கராச்சில் வேலைக்கு விட்ட சிவப்புக் கார். யாகப்பு மத்தியானம் சாப்பிடப் போன நேரம், லைசென்ஸ் இல்லாத மகன் சிமியோன் அதை எடுத்துக்கொண்டு போய்ப் புளியமரத்தில் அடித்துவிட்டான். ஸ்டியரிங் அவன் நெஞ்சில் இறுகிக் கிடந்தது. நசிந்த கதவை அலவாங்கு போட்டு நெம்பித்தான் ஆளை வெளியே எடுத்தார்கள். இன்னும் கண் திறக்கவில்லை. முதலாளி ஆஸ்பத்திரிக்கே வந்து, கட்டில் பக்கம் திரும்பியும் பாராமல் சொல்லிவிட்டுப் போனார்.

"கார் முந்தி இருந்த மாதிரி எனக்கு வேணும். இல்லாட்டி பொலிசுக்குப் போவன். பெடியன் எழும்பினாலும் மறியல்வீட்டுக்குத்தான்."

மற்றது இந்தப் பச்சைக் கார். இதிலிருந்து கழற்றி அதில் பூட்டுவதைவிட வேறு வழியில்லை.

"கழட்டுங்கோ தம்பி. காசொண்டும் வேண்டாம்," என்றாள் குணலட்சுமி. நெற்றியில் விபூதியோடு வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். "கழட்டுற இடத்தை மட்டும் வெறுமையா விடாதேங்கோ. உங்கடை உடைஞ்ச சாமானை அதிலை பூட்டிவிடுங்கோ. என்ரை மோன்ரை கார் மூளியா நிக்கக்கூடாது."

யாகப்பு தலையாட்டினார். கழற்றிய பழைய சாமானை உரியவர் கையில் கொடுப்பது கராச் வழக்கம்தான். கொடுக்காவிட்டால் மாற்றவேயில்லை என்று கதை கட்டிவிடுவார்கள். இவள் அதைப் பூட்டியும் தரச் சொல்கிறாள். பெற்ற வயிறு, கேட்டுவிட்டுப் போகட்டும் என்று நினைத்தார்.

அது முந்தி புகையிலை உலர்த்திய கொட்டில். ஒடுக்கமானது, காரின் இடப்பக்கம் சுவரோடு ஒட்டி நிற்க, வலப்பக்கத்தில் ஓர் ஆள் குந்தியிருந்து வேலை செய்யத்தான் இடம். காய்ந்த புகையிலையின் காரமும், எலி மூத்திரமும், இளகிய றப்பரின் வாடையும் ஒன்றாகக் கலந்து மூக்கை அடைக்க, முன்லைட்டைக் கழற்றிக்கொண்டிருந்தவருக்குப் பொனற்றுக்குள்ளிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம் கேட்டது. தூரம் ஓடிவந்த எஞ்சின் சூடு ஆறும்போது போடுகிற அதே சத்தம். பொனற்றைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடாக இருந்தது. தகரக்கூரையின் வெக்கை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, உடைந்த லைட்டை அந்தக் குழியில் பூட்டினார்.

அன்று பின்னேரம் ஆஸ்பத்திரி வாசலிலேயே மனைவி மரியநாயகி ஓடிவந்தாள்.

"இஞ்சாருங்கோ, பிள்ளை கண்ணைத் திறந்தவன்!"

யாகப்பு சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்த வேண்டும் என்றாள் அவள். சிமியோன் கூரையைப் பார்த்தபடி கிடந்தான். கண் மூடித் திறந்தது, அவ்வளவுதான்.

அடுத்தமுறை றேடியேற்றரை மாற்றினார். மகனின் நெஞ்சில் இழுத்துக்கொண்டிருந்த சத்தம் அன்றே நின்றது. மட்காட்டை மாற்றினார், வலது கால் அசைந்தது. சாமான்களை வாடகை லாண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தின் பெட்டியில் கராச்சுக்கு ஏற்றிப் போகும்போது, தற்செயல்தான், தற்செயல்தான் என்று வாய்க்குள் முணுமுணுத்தார். ஆனால் கை ஆறவில்லை. அவருக்கு இப்போது முதலாளியும் பொலிசும் மறந்தேபோயிற்று. அடுத்த சாமான், அடுத்த சாமான் என்று மனம் அடித்துக்கொண்டது.

பிறகு மரியநாயகி ஒருநாள் மீன் சொதி கரைத்த சோறு கொண்டுபோனாள். கருவிலிருந்தே மீன் தின்று வளர்ந்த குருநகர்ப் பிள்ளை, வாயில் வைத்ததும் ஓங்காளித்துத் துப்பினான். மருந்துக் குணம் என்றாள் அவள். தலையணையைச் சரிசெய்யக் குனிந்த யாகப்புவுக்கு மகனின் தலைமயிரிலிருந்து ஒரு வாடை வந்தது. ஆஸ்பத்திரி வாடையில்லை. காய்ந்த புகையிலை.

மறுநாள் அவர் கதவைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, வாசல் கதிரையிலிருந்து குணலட்சுமி சொன்னாள்.

"மீன் மச்சம் குடுக்காதேங்கோ தம்பி. அவனுக்குச் சின்னனிலையிருந்தே ஒத்துவராது."

யாகப்புவின் கையிலிருந்த நட்டுக் கழற்றும் சாவி நழுவி விழுந்தது.

"ஆருக்கு அக்கா?"

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அவர் வந்த நாளிலிருந்து முதல்முறையாக அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று இருந்தது.

எழும்பிப் போய்விடலாம் என்று நினைத்தார். அவருக்குப் பயமாக இருந்தது, நல்ல பயம். ஆனால் கண்ணைத் திறந்தவன், காலை ஆட்டியவன், பாதியில் விட்டால் என்ன ஆவான்? என்ன எழவாவது இருந்துவிட்டுப் போகட்டும், பிள்ளை எழும்பினால் போதும். குனிந்து சாவியை எடுத்தார். நசிந்த சிவப்புக் கதவை அந்தப் பச்சைக் காரில் நெம்பி ஏற்றி, இனி யாரும் திறக்கத் தேவையில்லாத கதவுதானே என்று, உடம்புப் பாரம் முழுவதையும் கொடுத்து ஒவ்வொரு நட்டாக இறுக்கினார். அது அவருடைய பழக்கம். யாகப்பு இறுக்கியதை யாகப்புதான் கழற்ற வேண்டும் என்று கராச்சில் பகிடி பண்ணுவார்கள்.

கடைசியில் மிஞ்சியது ஸ்டியரிங்.

அதை மாற்றப் போன அன்று வாசலில் கதிரை இல்லை. வீடு பூட்டியிருந்தது. கொட்டில் மட்டும் திறந்து கிடந்தது. வளைந்த ஸ்டியரிங்கில் மகனின் இரத்தம் இன்னும் கறுத்துக் காய்ந்திருக்க, அதைக் கழுவவும் மனம் வராமல் அப்படியே பூட்டிவிட்டு, நல்லதைச் சாக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு நேரே ஆஸ்பத்திரிக்கு உழக்கினார்.

சிமியோன் கட்டிலில் எழும்பி இருந்தான்.

பக்கத்தில் குணலட்சுமி. பருப்பும் சோறும் குழைத்து ஊட்டிக்கொண்டிருந்தாள். அவன் வாயைத் திறந்து திறந்து வாங்கினான். கட்டில் காலடியில் மரியநாயகி வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"என்னைத் தெரியாதாம்," என்றாள்.

யாகப்பு கிட்டப் போனார். ஸ்டியரிங் சுற்றிய சாக்கு கையிலிருந்து விழுந்தது. "தம்பி… அப்பா வந்திருக்கிறன் ராசா."

அவன் அவரை ஏற இறங்கப் பார்த்தான். சிமியோனின் கண்தான். பிறகு குணலட்சுமியின் பக்கம் திரும்பினான்.

"ஆரம்மா இந்த ஆள்?"

"கார் திருத்துற ஆள், ராசா."

யாகப்பு வெளியே ஓடினார். எப்படிச் சைக்கிளில் ஏறினார் என்று தெரியாது. பொழுது பட்டுக்கொண்டிருந்தது. புகையிலைத் தோட்டங்களுக்கு நடுவே மருதனார்மடத்து ஒழுங்கைக்குள் திரும்பும்போது கேட்டது.

ஹோர்ன்.

விடாமல். ஒரே இழுப்பாக.

அந்தக் காரில் பற்றறி இல்லை. அது அவருக்குத் தெரியும்.

கொட்டில் வாசலில் சைக்கிளைப் போட்டார். சத்தம் நின்றது. உள்ளே டிக், டிக், டிக். சூடான ஒயில் வாடை. பச்சை நிறம் எங்கும் இல்லை. சிவப்பு. முழுக்கச் சிவப்பு. புளியமரத்தடியில் நின்ற அதே கார்.

ஸ்டியரிங்கில் ஒருவன் நெஞ்சு நசிந்து கிடந்தான். மெல்லத் தலையைத் தூக்கினான்.

"அப்பா," என்றான் சிமியோன். "நோகுது. கதவைத் திறவுங்கோ."

யாகப்பு கைபிடியைப் பிடித்து இழுத்தார். காலைக் கொடுத்து இழுத்தார். நகம் பிய்ய இழுத்தார்.

அவர் இறுக்கிய நட்டுகள். ஒன்றுகூட அசையவில்லை.