இறால் ஓட்டுப் பஞ்சு

கத்தி வழுக்கியது. முழங்காலுக்குக் கீழே அப்பாவின் கால் பிளந்தது.

கஞ்சித் தூக்கோடு வந்த கற்பகம் அதை நேராகப் பார்த்துவிட்டாள். முதலில் ரத்தமே வரவில்லை. உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பிறகுதான் குபுகுபுவென்று வந்தது. அவளுக்குக் காது அடைத்துக்கொண்டது.

தேயிலைக் காட்டில் புதர் வெட்டும் எல்லாரும் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ் போட்டிருந்தார்கள். அப்பா நல்லமுத்து மட்டும் வெறுங்கால். சபரிமலைக்கு மாலை போட்டவர் செருப்பே போட மாட்டார், பூட்ஸ் எப்படிப் போடுவார்? சூப்பர்வைசர் காலையிலேயே சொல்லிப் பார்த்தார். சாமி பார்த்துக்குவார் என்று சொல்லிவிட்டார் அப்பா.

கற்பகத்தின் கழுத்திலும் மாலை இருந்தது. அவளுக்கு ஒன்பது வயது. பெண் பிள்ளைகள் பத்து வயதுக்குள் மலைக்குப் போய்விட வேண்டும், இல்லையென்றால் கிழவியாகும்வரை காத்திருக்க வேண்டும் என்பது எஸ்டேட் லயத்து வீடுகளில் எல்லாருக்கும் தெரியும். அதனால் இந்த வருஷம் அப்பாவோடு போகிறாள். மாலை போட்டதிலிருந்து அப்பா அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மாலை போட்ட பெண்களை அழைப்பதுபோல 'மாளிகப்புறம்' என்பார். அவள் அவரைச் 'சாமி' என்பாள்.

ஒருவர் காயத்தில் வைக்கக் காப்பித்தூள் எடுக்க ஓடினார். மற்றவர்கள் காத்திருக்காமல் அப்பாவை எஸ்டேட் டிஸ்பென்சரிக்குத் தூக்கிப் போனார்கள்.

நர்ஸ் புஷ்பமேரி ஒரு உறையைக் கிழித்தார். உள்ளே ரொட்டித் துண்டு மாதிரி வெள்ளைப் பஞ்சு. அதை மடித்து வெட்டுக்குள் திணித்து அழுத்தினார். பஞ்சு ரத்தத்தைக் குடித்து, ஊதி, கருஞ்சிவப்புக் கூழாகி ஒட்டிக்கொண்டது. ஓட்டம் குறைந்தது.

தையல் போட பீர்மேடு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். நர்ஸால் கூட வர முடியாது. உள்ளே ஒரு பெண் பிரசவ வலியில் இருந்தாள். அம்மா வேலை செய்யும் பேக்டரிக்கு ஆள் போயிருந்தது. அதுவரை ஜீப் நிற்க முடியாது. ஆகவே அப்பாவோடு புதர் வெட்டும் ஈஸ்வரன் மாமா பஞ்சை அழுத்திக்கொண்டே வருவார் என்று முடிவானது. அந்தக் காட்டிலேயே பெரிய உடம்பு அவருக்குத்தான்.

"டாக்டர் சொல்ற வரைக்கும் கையை எடுக்கக் கூடாது. தூக்கிப் பார்க்கவும் கூடாது. பிய்ஞ்சா மறுபடி ஓடும்" என்றார் நர்ஸ். டிரைவர் வினோவிடம், அப்பா தூங்கிவிடாதபடி பேசிக்கொண்டே போகச் சொன்னார். கற்பகமும் ஜீப்பில் ஏறிக்கொண்டாள்.

முதல் வளைவிலேயே ஈஸ்வரன் மாமா தன் விரல்களுக்கு நடுவே பார்த்தார். கண் செருகியது. அப்படியே சாய்ந்தார். இப்போது ஜீப்பில் இரண்டு பேர் படுத்திருந்தார்கள்.

யாரும் சொல்லாமலே கற்பகம் கீழே குந்தி, இரண்டு கையாலும் பஞ்சை அழுத்தினாள். சூடாக, வழுவழுவென்று இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.

வினோ பேசிக்கொண்டே ஓட்டினான். புது டயரைப் பற்றிச் சொன்னான். மச்சான் கல்யாணத்தில் நடந்த சண்டையைச் சொன்னான். பாம்பனாறு தாண்டியதும் அவனிடம் பேச்சு தீர்ந்துபோனது.

"சாமி, அந்தப் பஞ்சு எதுல செய்யிறாங்க தெரியுமா? இறால் ஓட்டுல. டிரைவர்களுக்கு நடந்த முதலுதவி வகுப்புல சொன்னாங்க."

அப்பா அரைக்கண்ணைத் திறந்தார். முகம் செத்தது மாதிரி ஆனது. மாலை போட்ட நாளிலிருந்து முட்டை வெந்த பாத்திரத்தைக்கூடத் தொடாதவர் அவர்.

"எடு, மாளிகப்புறம்."

கற்பகம் அசையவில்லை. வினோ உளறினான். அது கறியில்லை, மருந்து, ஓட்டை அரைத்து எப்படியோ சுத்தம் செய்கிறார்கள் என்றான். அப்பா காதில் விழவில்லை. எழுந்து அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தார். பஞ்சின் ஒரு ஓரம் பிரிந்தது. புது ரத்தம் அவள் விரலிடுக்கில் ஓடியது.

அப்பாவின் கை ஐஸ் மாதிரி இருந்தது. அதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது. உடம்பின் பாரமெல்லாம் போட்டு மறுபடி அமுக்கினாள்.

"சாமி, உங்களுக்குக் கால்லதான் பட்டிருக்கு. எனக்கு ரெண்டு கையிலயும் பட்டிருக்கு. இது தீட்டுன்னா முதல்ல என் மாலையைக் கழட்டுங்க."

அப்பா அவள் கழுத்தைப் பார்த்தார்.

"உன் மாலையை எதுக்குக் கழட்டணும்? நீ என்ன தப்பு பண்ணுன?"

"அப்ப நீங்க என்ன தப்பு பண்ணுனீங்க?"

ஜீப் இரண்டு வளைவு திரும்பியது. மணிக்கட்டிலிருந்து அவர் பிடி விட்டது. தலையைச் சீட்டில் சாய்த்துக்கொண்டார்.

"நல்லா அமுக்கு" என்றார்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை எடுக்கச் சொன்னபோது அவளால் எடுக்க முடியவில்லை. விரல்கள் மரத்துப் போயிருந்தன. டாக்டரே ஒவ்வொன்றாகப் பிரித்தார். தண்ணீர் ஊற்றியதும் பஞ்சு கூழாகக் கழன்று வந்தது. பிறகு தையல் போட்டார்கள்.

பெரிய ரத்தக்குழாய் அறுந்திருக்கிறது, வழியில் யாராவது பஞ்சைப் பிடுங்கியிருந்தால் உயிரோடு வந்து சேர்ந்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். மலைக்கு எப்போது போகலாம் என்று அப்பா கேட்டார். கார்த்திகையில் முடியாது, தை மாதம் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

ஈஸ்வரன் மாமா வராந்தாவில் சோடா குடித்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் எனக்கு மயக்கமெல்லாம் வரவில்லை, சும்மா கண்ணை மூடியிருந்தேன் என்று போகிற வருகிறவரிடம் சொன்னார்.

கற்பகத்துக்கு அப்போதுதான் உடம்பு ஆட ஆரம்பித்தது. நர்ஸ் ஒருவர் கையைக் கழுவிவிட்டுக் கம்பளி போர்த்தினார். என்ன வேண்டும் என்று கேட்டதற்கு, பசிக்கிறது என்றாள்.

அப்பா கட்டிலில் இருந்தபடியே வினோவைக் கூப்பிட்டார். "பிள்ளைக்குத் தோசை வாங்கிட்டு வா. சட்னில பூண்டு போட்டிருக்கான்னு கேட்டுக்கோ. மாலை போட்ட பிள்ளை."

அந்தக் கடையில் தோசை சுடும் கல்லில்தான் ஆம்லெட்டும் போடுவார்கள் என்று சொல்ல வினோ வாயைத் திறந்தான். கற்பகம் அவனையே பார்த்தாள்.

வாயை மூடிக்கொண்டு அவன் தோசை வாங்கப் போனான்.